வருத்தம் யாருடையது

உட்கார்ந்தால் இடுப்பு பிடித்தது. எழுந்து நின்றால் முட்டி சொல்பேச்சுக் கேட்கவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து செம்பனை மரத்தடியில் குனிந்து உதிரிப் பழம் பொறுக்கிய உடம்பு நிர்மலாதேவிக்கு. மலாக்கா கோர்ட்டு வராந்தாவில் போட்டிருந்த இரும்பு நாற்காலி அந்த மாதிரி உடம்புக்காகச் செய்ததில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, இடுப்புக்கும் நாற்காலிக்கும் நடுவில் கையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பசியாறிட்டு வந்திருக்கலாம்லா," என்றார் பக்கத்தில் இருந்த ரங்கசாமி. நியாலாஸ் பக்கம் அவர்கள் தோட்டத்துக் கோயிலுக்குத் தலைவர். காரை அவர்கள் காடி என்பார்கள். அவர் காடியில்தான் அவள் வந்திருந்தாள். "கீழ கேண்டீன்ல ரொட்டி சானாய் இருக்கு. வாங்கியாரவா?"

"நீங்க ஒண்ணும் வாங்கியார வேணாம் தலைவரே. போன தடவ வாங்கிக் குடுத்ததே இன்னும் செமிக்கல."

"அத இன்னும் விடலியா நீ?"

"எம்மவனுக்கு மூணு வருஷம் வாங்கிக் குடுத்திருக்கீங்க. சும்மா விட்டுருவாங்களா?"

ரங்கசாமி சட்டைப் பையில் சீப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார். தலையில் சீப்புக்கு வேலை இல்லை.

கறுப்பு கோட்டுடன் ராகினி வேகமாக வந்தாள். மலாக்கா டவுனில் ஆபீஸ் வைத்திருக்கிற லோயர். முப்பது வயதுகூட இருக்காது. வாயைத் திறந்தால் மட்டும் ஐம்பது வயது.

"ஆண்ட்டி, நல்லா கேட்டுக்குங்க. கவிநேசன் அடிச்சானா இல்லையான்னு இன்னிக்கு யாரும் பேசப் போறதில்ல. அடிச்சான். ஒத்துக்கிட்டான். முடிஞ்சுது. குடுத்த தண்டன சரியான்னு மட்டும்தான் அப்பீல். 'செஞ்சதுக்கு இவன் வருத்தப்படவே இல்ல'ன்னு கீழ்க்கோர்ட்டு எழுதிருக்கு. அந்த ஒரு வரிதான் மூணு வருஷம். அத நான் உடைச்சா பையன் வெளிய வரலாம்."

"உடைக்க முடியலன்னா?"

"தள்ளுபடி போக இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல உள்ளதான். அதோட, ஜட்ஜுக்குத் தண்டனயக் கூட்டவும் அதிகாரம் இருக்கு. அதயும் சொல்லிடணும்ல, அப்புறம் என்னய திட்டக் கூடாது."

நிர்மலாதேவிக்கு வயிறு காலியாக இருந்ததும் நல்லதுக்குத்தான் என்று பட்டது.

நடந்தது இதுதான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கோயில் திருவிழா. கவிநேசன் மலாக்கா பக்கம் செங் என்ற ஊரில் ஒரு பட்டறையில் போர்க்லிப்ட் ஓட்டிக்கொண்டிருந்தான். லீவு போட்டு வந்தவன் கூட்டாளிகளோடு மத்தியானமே பீர் குடித்துவிட்டு, மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து கோயில் கொட்டகை வாசலில் நிறுத்தினான். நாகமுத்து எடுக்கச் சொன்னார். தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். அவர் கம்பில் அரிவாளைக் கட்டித் தூக்கினால் பின்னால் வருகிறவர்களுக்குப் பொறுக்கக் கை பற்றாது. அவன் எடுக்கவில்லை. "அப்பன் குடிச்சே செத்தான். நீ அவனுக்கு வாரிசா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். சொன்னது உண்மை. அதனால்தான் சுட்டது. பக்கத்தில் கிடந்த இரும்பு நாற்காலியை எடுத்து அவன் வீசினான். நாகமுத்துவின் வலது தோள்பட்டை எலும்பு நொறுங்கிப் போனது.

அவர் விழுந்ததும் அவனுக்குப் போதை இறங்கிவிட்டது. அவனேதான் அவரைத் தூக்கிப் பக்கத்து வீட்டுக்காரர் காடியில் போட்டான். ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் வந்து யார் அடித்தது என்று கேட்டபோது, "நான்தான்" என்று எழுந்து நின்றதும் அவன்தான்.

அதோடு விட்டிருந்தால் வேறு கதை. ஜாமீன் கொடுக்கும்போது, நாகமுத்துவையோ அவர் குடும்பத்தையோ நெருங்கக் கூடாது, பேசக் கூடாது என்று கோர்ட்டு கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. அவன் செங்கில் தங்கியிருந்த ஆஸ்ட்டலை விட்டுத் தோட்டத்துப் பக்கமே வரவில்லை. நிர்மலாதேவிக்கோ தூக்கம் வரவில்லை. தோட்டத்தில் அடிதடி என்றால் ஒரு முறை உண்டு. அடித்தவன் வீட்டார் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், ஒரு புது வேட்டி வைத்துக்கொண்டு அடிபட்டவர் வீட்டுக்குப் போவார்கள். கோயில் தலைவர் கூட வருவார். காலில் விழுந்து எழுந்தால் விஷயம் அதோடு சரி. அவள் வீட்டுப் பெரியவர்கள் அப்படித்தான் செய்தார்கள். மகனுக்குத் தெரியாமல் அவளும் அப்படித்தான் செய்தாள்.

நாகமுத்து தோளில் கட்டோடு படுத்திருந்தார். அவள் கட்டில் கால் பக்கம் விழுந்தாள். அவர் மனைவி வேலாயி தட்டைத் தொடாமல் நின்றாள். அந்த நேரம் பார்த்து ரங்கசாமி, எல்லாப் பஞ்சாயத்திலும் சொல்லிப் பழகிய வாயால் சொன்னார்: "அதான் தாயி வந்து விழுந்துட்டாளே. போலீஸ் ரிப்போர்ட்ட திரும்ப வாங்கிக்கிட்டா ரெண்டு பேருக்கும் நல்லதுலா."

வேலாயி தட்டை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தாள். தண்டனை சொல்வதற்கு முன்னால் கோர்ட்டில் கேட்டபோது நடந்ததை நடந்தபடியே சொன்னாள். சாட்சியை விலைக்கு வாங்கப் போனார்கள் என்று ஆகிவிட்டது. தோட்டத்துக்காரர்களைத் தவிர வேறு யார் மன்னிப்புக் கேட்கப் போகிற இடத்துக்குக் கோயில் தலைவரையும் கூட்டிக்கொண்டு போவார்கள்!

"கேஸ் நம்பர் கூப்பிட்டாச்சு," என்று ராகினி கதவைத் தள்ளினாள்.

உள்ளே ஏர்கண்டிஷன் எலும்பைத் தொட்டது. கவிநேசனைக் கூண்டுக்குக் கொண்டுவந்தார்கள். கை விலங்கைக் கழற்றினார்கள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கழுத்து மெலிந்து, காது பெரிதாகத் தெரிந்தது. சின்னப் பிள்ளையில் அம்மை போட்டு எழுந்தபோது இப்படித்தான் இருந்தான். அவளைப் பார்த்தான். உடனே தலையைத் திருப்பிக்கொண்டான்.

நீதிபதி வயதான மலாய்க்காரர். மூக்கு நுனியில் கண்ணாடி. எல்லாம் மலாயில்தான் நடந்தது, நீதிபதியை 'யாங் அரிஃப்' என்று மரியாதையாகக் கூப்பிடுவது உட்பட. நிர்மலாதேவிக்கு ஒரு சொல்கூடத் தப்பவில்லை.

ராகினி வாதத்தை எழுதிக் கொடுத்திருந்ததால் அரசாங்க வழக்கறிஞரை முதலில் பேசச் சொன்னார் நீதிபதி. இளைஞர், சண்டைக்காரர் போலத் தெரியவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. அமைதியாகப் பேசுகிறவன் சொல்வதைத்தானே ஆட்கள் கேட்பார்கள்.

"யாங் அரிஃப், உண்மையாக வருந்துகிறவன் முதல் நாளே குற்றத்தை ஒப்புக்கொள்வான். இவர் விசாரணை கேட்டார். சாட்சி வரமாட்டார் என்று நினைத்தார். குடும்பம் தட்டோடு போய்ப் புகாரைத் திரும்ப வாங்கச் சொன்னது. அது பலிக்கவில்லை. சாட்சி கூண்டில் ஏறிய பிறகு, இனித் தப்ப முடியாது என்று தெரிந்த பிறகு, குற்றத்தை ஒப்புக்கொண்டார். இது வருத்தமில்லை. கணக்கு."

ரங்கசாமி தொடையைத் தேய்த்தார். "என்னா மாதிரி பேசுறான்," என்று முணுமுணுத்தார்.

"நீங்க பேசாம இருந்திருந்தா அவனுக்குப் பேச என்னா இருக்கு?" என்றாள் நிர்மலாதேவி பல்லைக் கடித்துக்கொண்டு.

ராகினி எழுந்தாள். நீதிபதி அவளை ஆரம்பிக்க விடவில்லை.

"அந்தத் தட்டு விஷயத்தை முதலில் தெளிவாக்குங்கள். மன்னிப்புக் கேட்கிற உங்கள் வழக்கம் அது என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அதை மேல்முறையீட்டாளரின் வருத்தமாக நான் எடுத்துக்கொள்ள வேண்டுமா?"

நிர்மலாதேவி நிமிர்ந்தாள். இதற்குத்தான் அவள் காத்திருந்தாள். சிமெண்டுத் தரையில் நெற்றி பட விழுந்தவள் அவள். அன்றைக்கு முட்டியில் எழும்பிய வலி இன்னும் போகவில்லை. எடுத்துச் சொல்லு தாயி என்று மனசுக்குள் ராகினியைப் பிடித்துத் தள்ளினாள்.

ராகினி கையிலிருந்த பைலை மூடினாள்.

"வேண்டாம், யாங் அரிஃப். அதை விட்டுவிடுகிறேன். அவர் தாயார் போனது அவருக்குத் தெரியாது. தாயாரின் வருத்தம் தாயாருடையது. அதை இவர் கணக்கில் சேர்க்கச் சொல்லி நான் கேட்கவில்லை."

நிர்மலாதேவிக்கு யாரோ முதுகில் கட்டையால் அடித்த மாதிரி இருந்தது. விழுந்தது வீண். அழுதது வீண். காசு கொடுத்து வைத்த லோயரே எல்லாத்தையும் ஒரே வாயில் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டாளே. எழுந்து கத்திவிடலாமா என்று தோன்றியது. ரங்கசாமி அவள் முழங்கையைப் பிடித்தார்.

"ஆனால்," என்றாள் ராகினி, "தாயாருடையதை இவருக்குக் கொடுக்கக் கூடாது என்றால், கோயில் தலைவருடைய பேச்சையும் இவர் தலையில் கட்டக் கூடாது. கீழ்க்கோர்ட்டு நல்லதைத் தள்ளிவிட்டது. கெட்டதை மட்டும் வாங்கிக்கொண்டது. நான் இரண்டையும் விடச் சொல்கிறேன். மற்றவர்கள் செய்த எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, இவர் தானாக என்ன செய்தார் என்று மட்டும் பாருங்கள்."

நீதிபதி கண்ணாடியைத் தள்ளிவிட்டு அவளை நேராகப் பார்த்தார். "அவராகவே நேரில் போய்க் கேட்டிருக்கலாமே?"

"போகக் கூடாது என்பது நீதிமன்றமே போட்ட ஜாமீன் நிபந்தனை, யாங் அரிஃப். போயிருந்தால் நிபந்தனையை மீறினார் என்று ஜாமீன் போயிருக்கும். போகாததால் வருத்தமில்லை என்று மூன்று வருஷம் வந்தது. இவர் எந்தக் கதவைத் தட்டியிருக்க வேண்டும்?"

கோர்ட்டு குமாஸ்தாகூட நிமிர்ந்து பார்த்தாள். நீதிபதி எதையோ எழுதினார். நிர்மலாதேவியின் முழங்கை ரங்கசாமியின் பிடியில் தளர்ந்தது.

"சரி. விசாரணை கேட்டதற்கு என்ன சொல்கிறீர்கள்?"

"விசாரணை கேட்பது அவர் உரிமை. அப்போதைய லோயர் சொல்லித்தான் கேட்டார். ஒப்புக்கொண்டால் தண்டனை குறையலாம். ஒப்புக்கொள்ளவில்லை என்பதற்காகத் தண்டனையைக் கூட்ட முடியாது. ஆனால் நான் அதோடு நிற்கவில்லை. அவர் எப்போது ஒப்புக்கொண்டார் என்பதைப் பார்க்க வேண்டும்."

அந்தக் காட்சி நிர்மலாதேவிக்கு மனப்பாடம். அவள் அன்றைக்கு அந்த அறையில் இருந்தாள். நாகமுத்து சாட்சிக் கூண்டில் ஏறினார். சத்தியம் செய்ய வலது கையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கிப் பார்த்தார். கை இடுப்புக்கு மேலே வரவில்லை. இடது கையால் வலது கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். முகம் கோணிப்போனது. பரவாயில்லை, இடது கையைத் தூக்குங்கள் என்றது கோர்ட்டு. அந்த மனுசன் முப்பதடி மரத்துக் குலையை ஒரே இழுப்பில் இறக்கியவர். அப்போது கூண்டில் இருந்த கவிநேசன் எழுந்து நின்றான். அப்போதைய லோயர் ஓடிப் போய் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். அவன் உதறினான். "நான் ஒத்துக்கிறேன். அவர இறக்கி விட்டுருங்க," என்றான்.

ராகினி அதைத்தான் சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"சாட்சி அப்போது ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை, யாங் அரிஃப். திருவிழாக் கூட்டம். சுற்றி இருந்தவர்கள் பாதிப் பேர் போதையில் இருந்தவர்கள். குறுக்கு விசாரணைக்கு நிறைய இடம் இருந்தது. லோயர் தவணை கேட்டார். கட்சிக்காரரோடு பேசிவிட்டு வருகிறேன் என்றார். அரை மணி நேரம் போதும் என்றார். இவர் வேண்டாம் என்றார். கணக்குப் போடுகிறவன், யாங் அரிஃப், கணக்கப்பிள்ளையைத் தள்ளிவிடமாட்டான்."

அரசாங்க வழக்கறிஞர் எழுந்தார். நீதிபதி கையைக் காட்டினார். அவர் உட்கார்ந்துவிட்டார்.

"கவிநேசன்," என்றார் நீதிபதி கூண்டைப் பார்த்து. "அன்று ஏன் எழுந்து நின்றீர்கள்?"

கவிநேசன் கம்பியைப் பிடித்தான். ஏதாவது அழகாகச் சொல்லேன்டா என்று நிர்மலாதேவி உள்ளுக்குள் வேண்டினாள். அவனுக்கு அழகாகப் பேச வராது. அவன் அப்பனுக்கும் வராது.

"கை தூக்க முடியல, துவான்," என்றான். "அதான்."

 அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்று அவளுக்கு ஒரு கணம் ஆத்திரமாக வந்தது.

நீதிபதி பேனாவை மேஜையில் வைத்தார். பிறகு தீர்ப்பை அப்போதே வாசிக்கிறேன் என்றார். 

அடித்தது பெரிய குற்றம், அதில் சந்தேகமில்லை என்று தொடங்கினார். ஒரு உழைப்பாளியின் கை போய்விட்டது. சிறை கொடுத்தது சரி என்றார்.  சாதாரணமாக மேல் கோர்ட்டு கீழ்க்கோர்ட்டுத் தண்டனையில் கை வைக்காது என்றார். ரங்கசாமி, "போச்சு," என்றார்.

"ஆனால் கீழ்க்கோர்ட்டு மற்றவர்கள் செய்ததை இவர் மீது ஏற்றியிருக்கிறது. அது சட்டப் பிழை. வருத்தத்தை நான் கண்ணீரால் அளப்பதில்லை. பலர் இந்தக் கூண்டில் அழுது பார்த்திருக்கிறேன். தனக்கு லாபமா நஷ்டமா என்று பார்க்க நேரம் கிடைத்தும், ஒருவன் அந்த நேரத்தை வேண்டாம் என்றானா, அதைத்தான் பார்க்கிறேன். இவர் வேண்டாம் என்றார். ஆஸ்பத்திரியில் போலீஸ் கேட்டபோதும் தப்பிக்கப் பார்க்காமல் தானே எழுந்து நின்றார். மூன்று வருடத் தண்டனை ரத்து. இன்றுவரை இருந்த சிறையே தண்டனை. விடுதலை செய்யுங்கள்."

சொல் புரிந்தது. உடம்புக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. நிர்மலாதேவி எழுந்தாள். இடுப்பும் முட்டியும் எங்கே போயின என்று தெரியவில்லை. "அம்மாடி!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டாள். போலீஸ்காரி விரலை உதட்டில் வைத்தாள். ஆனால் அவளும் சிரித்தாள். கூண்டில் கவிநேசன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு நின்றான்.

வராந்தாவுக்கு வந்ததும் ராகினியைக் கட்டிப் பிடித்தாள். பிறகு தோளில் ஓர் அடி வைத்தாள்.

"எம்மேல கோவமா ஆண்ட்டி?"

"நான் விழுந்தத ஏன்டி தூக்கிப் போட்ட?"

"அத வச்சிருந்தா தலைவரையும் சேத்து வச்சிருக்கணும். உங்கள வெளிய விட்டாத்தான் அவரயும் வெளிய தள்ள முடியும்."

நிர்மலாதேவி ரங்கசாமியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லா தள்ளுன," என்றாள்.

"அப்ப நான் வாங்கிக் குடுத்தது செமிச்சிருச்சா?" என்றார் ரங்கசாமி.

"இப்பதான் லேசா ஏப்பம் வருது. போங்க, அந்த ரொட்டிய வாங்கியாங்க. நாலு. குழம்பு நெறய ஊத்தச் சொல்லுங்க."

சுங்கை ஊடாங் சிறையில் கையெழுத்து, கைரேகை எல்லாம் முடிந்து, பிளாஸ்டிக் பையோடு கவிநேசன் வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும் நின்றான். அவள் போய் அவன் காதைப் பிடித்துத் திருகினாள். அப்புறம்தான் அழுதாள். "தொட்டுப் பாத்துக்கிட்டே இருக்காதம்மா, எல்லாரும் பாக்குறாங்க," என்றான். "பாக்கட்டும்டா. வயிறெரிஞ்சு பாக்கட்டும்," என்றாள்.

காடியில் ரங்கசாமி பழைய பாட்டைச் சத்தமாக வைத்தார். வழியெல்லாம் போனில் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளின் முன்னால், ஆட்கள் காத்திருந்தார்கள். தீபாவளிக்கு வாங்கிய பட்டாசு மிச்சம் யார் வீட்டிலோ இருந்தது. அது வெடித்தது. நிர்மலாதேவியின் கூட்டுக்காரிகள், கூட உதிரி பொறுக்குகிற பெண்கள், அவளைப் பிடித்துச் சுற்றினார்கள். "எங்க தேவி கோர்ட்ட ஜெயிச்சுட்டாடி!" என்று ஒருத்தி குலவையிட்டாள். இரண்டு வருஷமாக இவர்கள் முகத்தைப் பார்க்காமல் குனிந்தே நடந்தவள் அன்றைக்குத் தலையை நிமிர்த்திக்கொண்டு நடுவில் நின்றாள். ஒருத்தரிடமும் ஒரு மன்னிப்பும் கேட்கவில்லை. நன்றாகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் மகனைக் காணவில்லை.

கடைசி வீட்டுக்கு முன்னால் நின்றிருந்தான். நாகமுத்து வீடு. வேலாயி கதவில் கையை வைத்து நின்றாள். நிர்மலாதேவி மூச்சு வாங்க ஓடிவந்தாள். இனி எந்த ஜாமீன் நிபந்தனையும் தடுக்காது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"மாமா இருக்காரா அத்த?" என்றான் கவிநேசன்.

"இல்ல. மக வீட்டுக்கு சிம்பாங் அம்பாட் போயிட்டாரு. அங்கேர்ந்துதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறாங்க."

"நான்... அன்னிக்கு நான் குடிச்சிட்டு..." அவன் குனியப் போனான்.

வேலாயி ஓர் எட்டு பின்னால் போனாள்.

"என்கிட்ட சொல்லாத தம்பி. உன் அம்மா வந்து விழுந்தா, நான் வாங்கிக்கல. இப்ப நீ விழுந்தாலும் அவருக்காக நான் வாங்கிக்க மாட்டேன். ஜட்ஜுகிட்ட சொன்னியாமே, தலைவர் போன்ல எல்லாருக்கும் சொல்லிட்டாரு. உன் மாமாகிட்ட இன்னும் சொல்லல நீ."

"இல்ல அத்த. சொல்லல."

"எப்ப வருவாருன்னு தெரியாது. வந்தா வா. தண்ணி குடிக்கிறியா?"

குடித்தான். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தான். பின்னால் இன்னும் வெடி வெடித்துக்கொண்டிருந்தது. நிர்மலாதேவி அவன் தோளைத் தொட்டு, வா போகலாம் என்றாள். நாகமுத்துவிடம் நேருக்கு நேராக நின்று கேட்க வேண்டிய மன்னிப்பு அன்றைக்கும் கடனாகவே நின்றது.